முதலிடம் யாருக்கு?



சென்ற இதழில் மழைக்காலக் கஷாயங்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை நார்த்தங்காய் ஊறுகாயைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். நார்த்தங்காயும் வாங்கி, சுருள் சுருளாக நறுக்கி, உப்பும் அடைத்து வைத்தாயிற்று. அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்துவிட்டது. பெண் குழந்தைகளை வைத்திருக்கும் உங்களில் பலருக்கு இது பயன்படலாம் என்று தோன்றியதால், ஊறுகாயைச் சற்று ஊற விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் சின்னப் பெண் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். காலாண்டுத் தேர்வு சமயம். இரண்டு வாரமாகவே தலைவலி, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டேன். படிக்கிற பிள்ளை, கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்று விருத்தாசலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணையும் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "கண்ணில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி எத்தனை மணிக்கம்மா தூங்கறே?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தபடி, "பத்து மணிக்கு சார்" என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பத்து மணிக்கு விளக்கை அணைக்கிறவள் நான்தானே!

அந்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி மணி இரண்டு இருக்கும். தாகமாக இருக்கிறதே என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். கூடத்தில் அவள் போர்வைக்குள் நீலமாக வெளிச்சம். மெதுவாகப் போர்வையை விலக்கினால், ஒன்றல்ல, மூன்று செல்போன்கள்! என்னுடையது ஒன்று, இவருடைய பழைய செல் ஒன்று, என் மாமியாருடையது ஒன்று. மூன்றிலும் ஒரே பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. இவளோ கண்ணெல்லாம் சிவந்து, காகிதத்தில் கோடு கோடாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"அம்மா, கத்தாதேம்மா, ப்ளீஸ்! நாளைக்குக் காலையிலே ஒன்பதரை மணி வரைக்கும்தான் டைம். அதுக்குள்ளே எவ்வளவு முடியுமோ அவ்வளவு தடவை ஓட்டணும். அப்பத்தான் நம்ம பாட்டு நம்பர் ஒன் வரும்."

"நம்ம பாட்டா? எது நம்ம பாட்டு?"

அது ஒரு கொரியப் பாட்டு. பி.டி.எஸ். என்று ஏழு பையன்கள் சேர்ந்த குழுவாம். அதில் ஒருவர் தனியாகப் பாடிய புதுப் பாட்டு. அமெரிக்காவில் 'பில்போர்டு' என்ற பத்திரிகை வாராவாரம் எந்தப் பாட்டு முன்னணியில் இருக்கிறது என்று நூறு பாட்டுகளை வரிசைப்படுத்துகிறது. வெள்ளியில் தொடங்கி வியாழனோடு அந்தக் கணக்கு முடியும். அங்கே வியாழன் நள்ளிரவு என்றால் நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. கணக்குப் பாடத்தில் முப்பது மார்க்கைத் தாண்டாதவள் இதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறாள்!

நான் மூன்று செல்லையும் பிடுங்கினேன். வாயில் வந்தபடி திட்டினேன். இவரும் எழுந்துவிட்டார். அப்போதுதான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக் கொடுத்து இவள் ஆயிரத்து இருநூறு ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். அதில் எண்ணூறு ரூபாயை யாரோ ஒருவருக்கு, அப்பாவின் செல்லிலிருந்தே அனுப்பியிருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கிற ரசிகர்கள் இந்தப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கினால் புள்ளி ஏறுமாம். அவர்களுக்கு இங்கிருந்து நிதி திரட்டுகிறார்களாம். அனுப்பியது யாருக்கு என்று கேட்டால் ஊரும் தெரியாது, பேரும் தெரியாது.

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள். எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துச் சிறுமிகள் மூன்று பேர், பதின்மூன்று வயதுதான், இதே பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்க வேண்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலில் கொரியாவுக்குப் போவதாகத் திட்டம்! நல்ல வேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டு மீட்டார்கள். அதைப் பேப்பரில் படித்தபோது, "பெத்தவங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?" என்று சுலபமாகக் கேட்டவள் நான். இப்போது ராத்திரி இரண்டு தடவை எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. தூங்கிக்கொண்டிருப்பார்கள், நம்மைப் போலவே.

ஞாயிற்றுக்கிழமை என் மாமியார்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். அவர்களுக்குக் கிள்ளை பிறந்த ஊர். மாசி மகத்துக்கு எங்கள் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குப் போவாரே, கடலோரத்தில் அந்தக் கிள்ளை. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையில் பேன் பார்க்கிற மாதிரி கோதிக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள்.

"உங்கம்மா கத்தினான்னு வருத்தப்படாதே. நான் உன் வயசிலே இலங்கை வானொலிக்குக் கார்டு போட்டுப் போட்டே உப்புப் பானைக் காசை எல்லாம் கரைச்சவ. எங்க கிள்ளையிலே மெட்ராஸ் சரியா எடுக்காது, கடலுக்கு அந்தாண்டை இருக்கிற கொழும்பு கணீர்னு எடுக்கும். கே.எஸ். ராஜா பேசினா மூச்சு விடாம பேசுவார். ராஜேஸ்வரி சண்முகம்னு ஒரு அம்மா, குரலே பாட்டு மாதிரி இருக்கும். நேயர் விருப்பம்னு ஒரு நிகழ்ச்சி. பாட்டைக் கேட்டவங்க பேரை எல்லாம் ஊரோட வாசிப்பாங்க. என் பேரும் கிள்ளைங்கிற பேரும் ஒரு தடவையாவது வராதான்னு நாலு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்."

"வந்துதா ஆயா?" இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்துட்டேன். அப்புறம் வந்திருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக நான் இந்த வீட்டு மருமகள். என் மாமியாருக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சொல்லப் போனால் நான் மட்டும் என்ன? சன் டிவி 1993-ல் வந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது நான் பாவாடை தாவணி. வாராவாரம் 'டாப் டென் மூவிஸ்' என்று படங்களை வரிசைப்படுத்துவார்கள். பத்தாவதில் ஆரம்பித்து ஒன்றுக்கு வருவதற்குள் நானும் என் தங்கையும் புளியங்கொட்டையைப் பந்தயம் வைத்துச் சண்டை போடுவோம். எனக்குப் பிடித்த படம் ஓர் இடம் இறங்கிவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. ஆனால் ஒரு நாளாவது, "இந்த வரிசையை யார் போடுகிறார்கள்? எதை வைத்துப் போடுகிறார்கள்?" என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை இப்போது என் பெண்ணிடம் கேட்டேன். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"ஏண்டி, அது அமெரிக்காக்காரன் போடற பட்டியல். ஸ்ரீமுஷ்ணத்திலே நீ போர்வைக்குள்ளே ஓட்டற பாட்டு அவன் கணக்கிலே எப்படிச் சேரும்?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "எல்லாரும் ஓட்டச் சொன்னாங்க" என்றாள். செல்லைக் கையில் கொடுத்து, "தேடிப் பாரு, என் எதிர்லேயே பாரு" என்றேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்தோம். அவள் படித்துச் சொல்ல, நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

இந்தப் பட்டியல் வழக்கம் பழையதுதான். இங்கிலாந்தில் 1952 நவம்பரில் ஓர் இசைப் பத்திரிகைக்காரர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு ஃபோன் போட்டு, எது அதிகம் விற்கிறது என்று கேட்டு முதல் பட்டியலை வெளியிட்டார். அதற்கு அடுத்த மாதமே, 1952 டிசம்பரில், இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையில் 'பினாகா கீத்மாலா' ஆரம்பமானது. பினாகா என்றது பற்பசை. நம் அகில இந்திய வானொலியில் அப்போது சினிமாப் பாட்டுக்கு இடமில்லாததால், நாடு முழுவதும் ஜனங்கள் கொழும்பைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்ததைக் கொழும்புக்கு அனுப்பி ஒலிபரப்பினார்கள். கடைகளில் இசைத்தட்டு விற்பனை, ஊர் ஊராக இருந்த ரசிகர் சங்கங்களின் ஓட்டு, இவற்றை வைத்துத்தான் வரிசை. அந்தக் குரல் 2024 பிப்ரவரியில் மறைந்தது.

இன்றைய அமெரிக்கப் பட்டியலில் மூன்று கணக்கைக் கூட்டுகிறார்கள். இணையத்தில் எத்தனை தடவை ஓடியது, ரேடியோவில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பிரதி விற்றது என்று. காசு கட்டிக் கேட்கிறவரின் ஒரு தடவைக்கு மதிப்பு அதிகம், இலவசமாகக் கேட்கிறவரின் ஒரு தடவைக்கு மதிப்பு குறைவு. ஒருவரே பத்துப் பிரதி வாங்கிப் புள்ளி ஏற்றுகிறார்கள் என்பதால், 2022 முதல் ஒரு வாரத்தில் ஒருவர் வாங்கும் ஒரே ஒரு பதிவிறக்கத்தைத்தான் சேர்க்கிறார்கள். இதெல்லாம் அமெரிக்காவுக்குள் நடக்கிற கணக்கு மட்டும்!

அதாவது, என் பெண் எந்த நூறு பாட்டுப் பட்டியலுக்காகக் கண் விழித்தாளோ, அதில் அவளுடைய ஒரு தடவைகூடச் சேரவில்லை. உலகம் முழுவதற்குமாக 2020 செப்டம்பர் முதல் தனியாக ஒரு பட்டியல் போடுகிறார்கள். அதில்தான் இந்தியாவில் கேட்பது சேரும். அதிலும், நிஜமாகக் கேட்காமல் இயந்திரம் மாதிரி ஓட்டிக்கொண்டே இருப்பதை அந்தந்த நிறுவனங்கள் கண்டுபிடித்துக் கழித்துவிடுமாம்.

அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டுவதற்கு அது நேரமில்லை.

"அப்ப நான் செஞ்சது எல்லாம் வேஸ்டாம்மா?"

"கேட்டது வேஸ்ட் இல்லை. கண் முழிச்சது வேஸ்ட்" என்றேன்.

சகோதரிகளே, அந்தப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2020-ல் அவர்கள் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, கொரியாவிலிருந்து அப்படி வந்த முதல் குழு அவர்கள்தானாம். பாஷை தெரியாத ஊரில் போய் ஜெயிப்பது சாமானியமா? நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 2002-ல் பி.பி.சி. உலக சேவை, உலகத்தின் சிறந்த பத்துப் பாட்டு எது என்று ஓட்டுக் கேட்டது. இளையராஜா இசையமைத்த 'தளபதி' படத்து ராக்கம்மா பாட்டு நான்காவது இடம்! ஐந்தாவது இடத்தில் ஓர் ஈழத் தமிழ்ப் பாட்டு. முதலிடத்தில் அயர்லாந்துக்காரர்களின் தேசபக்திப் பாட்டு. உலகத்திலேயே சிறந்த பாட்டு அதுதான் என்று அர்த்தமா? இல்லை. அயர்லாந்துக்காரர்களும், தமிழர்களும் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்து மும்முரமாக ஓட்டுப் போட்டார்கள் என்று அர்த்தம். 2020-ல் 'மாரி 2' படத்து 'ரௌடி பேபி' யூட்யூபில் நூறு கோடி பார்வையைத் தாண்டியபோது என் பெண் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆக, பட்டியல் என்பது எது நல்ல பாட்டு என்று சொல்வதில்லை. யார் எத்தனை தடவை காசும் நேரமும் போட்டார்கள் என்றுதான் சொல்கிறது. இது புரிந்தால் போதும். பட்டியலைப் பார்த்து ரசிக்கலாம், அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உடம்பு என்றதும் சொல்கிறேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். வளர்ச்சிக்கான சுரப்பு ஆழ்ந்த தூக்கத்தில்தான் நன்றாக ஊறுகிறது. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். முகத்துக்கு நேராகச் செல்போன் வெளிச்சம் அடித்தால், 'இன்னும் பொழுது போகவில்லை' என்று மூளை ஏமாந்து, தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பைத் தள்ளிப் போடுகிறது. என் பெண் இரண்டு வாரமாக மூன்று, நான்கு மணி நேரம்தான் தூங்கியிருக்கிறாள். தலைவலி வராமல் என்ன செய்யும்? நான் நல்லெண்ணெயைப் போட்டு என்ன பிரயோஜனம்!

எங்கள் வீட்டில் இப்போது சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். யார் மீதும் திணிக்கவில்லை, எல்லோருமாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டவை:

ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாச் செல்போனும் சமையலறை அலமாரியில். 'எல்லா' என்றால் இவருடையதும் என்னுடையதும் சேர்த்துத்தான். பெரியவர்கள் படுக்கையில் செல்லை நோண்டிக்கொண்டு பிள்ளைகளை மட்டும் வைக்கச் சொன்னால் அது எடுபடாது. காலையில் எழுப்ப இருக்கவே இருக்கிறது பழைய அலாரம் கடிகாரம்.

முகம் தெரியாதவர்களுக்குப் பணம் அனுப்புவதில்லை. எவ்வளவு நல்ல காரியம் என்று சொன்னாலும் முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை. போன எண்ணூறு ரூபாய் போனதுதான். அதை நாங்கள் ஈடு செய்து கொடுக்கவில்லை. சம்பாதித்தவள் அவள், அந்த வலியும் அவளுக்குத் தெரியட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். ஆனால் அதைப் பற்றி மறுபடி குத்திக் காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். இந்த இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது!

மூன்றாவது ஏற்பாடு என் மாமியாருடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கென்று ஒரு பட்டியல். ஆளுக்கு ஒரு பாட்டு போட வேண்டும். எல்லோரும் முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது. பிறகு ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. பிடித்த பாட்டின் கிண்ணத்தில் போடலாம். தன் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது.

முதல் வாரம் என் மாமியாருடைய பி. சுசீலா பாட்டு ஜெயித்தது. இரண்டாம் வாரம் இவர் போட்ட பழைய மலேசியா வாசுதேவன் பாட்டு. என் பெண்ணின் கொரியப் பாட்டு இரண்டு வாரமும் கடைசி. மூன்றாவது வாரம் அவள் ஒரு யுக்தி செய்தாள். பாட்டைப் போடுவதற்கு முன்னால் அதன் அர்த்தத்தைத் தமிழில் சொன்னாள். வீட்டைவிட்டுத் தூரத்தில் இருக்கிற ஒருவன், அம்மாவை நினைத்துப் பாடுகிற பாட்டாம். என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று கொட்டையையும் அந்தக் கிண்ணத்திலேயே போட்டார்கள். அன்றைக்கு அது முதலிடம். மூன்று செல்லில் விடிய விடிய ஓட்டியும் வராத சிரிப்பு, அன்றைக்கு அவள் முகத்தில் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அலமாரிப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் செல்லை எடுக்கவில்லை. உப்பில் ஊறிக்கொண்டிருந்த நார்த்தங்காயை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். "தூக்கம் வரலேம்மா" என்றாள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலைக் கொடுத்து, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் தூங்கிப் போனாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்குக் கண் விழிக்கிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். செல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் கேளுங்கள். நான் பிடுங்கிய பிறகு கேட்டதால்தான் இரண்டு நாள் வீணாயிற்று.

நார்த்தங்காய் பாதிதான் மிச்சமிருக்கிறது. அடுத்த இதழுக்குள் அது ஊறுகாயாகிவிட்டால், செய்முறையோடு சந்திக்கிறேன்.